குழந்தை நலமும் துணைச் சுகாதார நிலையச் செவிலியரும்

சமவெளிப் பகுதிகளில் 5000 மக்களுக்கு ஒன்று, மலைப்பாங்கான பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் 3000 மக்களுக்கு ஒன்று என்ற அளவுகோலின்படி நம் நாட்டில் துணைச் சுகாதார நிலையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. இந்நிலையத்தின் பணிகளில் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பவர், ஏ.என்.எம். என்று பரவலாக அழைக்கப்படும் துணைச் செவிலியர் ஆவார். மருத்துவர் தங்கியிராத ஊர்களில் சுகாதாரத் துறை என்றவுடன் மக்கள் நினைவுக்கு வருபவர் அவர்தாம்.

அவர் பொறுப்பிலுள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 5000 பேர் வாழும் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1971-ஆம் ஆண்டில் இந்தியாவின் பிறப்பு விகிதம் ஆயிரம் மக்களுக்கு ஏறத்தாழ 37 ஆகவும், சிசு மரண விகிதம் ஆயிரம் பிறப்புகளுக்கு 129 ஆகவும் இருந்தன. அதாவது இவ்வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 185 குழந்தைகள் பிறந்து, அவர்களுள் 24 பேர் முதல் பிறந்த நாளைக் காணாமலே மறைந்தனர். மாதத்திற்கு இரண்டு குழந்தைகள். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி பிறப்பு விகிதம் 19.5, சிசு மரண விகிதம் 28. இன்று அதே வட்டாரத்தில் ஆண்டுக்கு நூறுக்குச் சற்றுக் குறைவான குழந்தைகளே பிறக்கின்றனர். இறப்போர் மூவருக்கும் குறைவு.

இந்த மாற்றம் செவிலியரின் பணியின் இயல்பையே மாற்றியுள்ளது. சாவிலிருந்து காப்பது ஒன்றே நோக்கமாக இருந்த காலம் ஒன்று. பிழைத்த குழந்தை உரிய உயரமும் எடையும் பெற்று, பேசி, நடந்து, பள்ளியில் கற்கும் திறனுடன் வளர்கிறதா என்று காண்பதும் அவர் கடமையாகிவிட்ட காலம் இது. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். மேற்சொன்ன வட்டாரத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோர் 450 பேர் எனக் கொண்டால், அவர்களில் 160 பேர் இவ்வாறு குன்றிய வளர்ச்சியுடையோர். இவர்கள் இறப்புப் பதிவேட்டில் வருவதில்லை. ஆகவே பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதுமில்லை.

பணி உருவான விதம்

இந்தியாவில் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் முயற்சி பழமையானது. டில்லியில் லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி 1918-இல் தொடங்கப்பட்டது. எனினும், 1946-இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர், 4 லட்சம் பேருக்கு ஒரு பெண் சுகாதாரப் பார்வையாளர் என்ற நிலையே இருந்தது. சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கீழ் 1952-இல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றத் தொடங்கிய பின்னரே கிராமங்களை நோக்கிச் செவிலியர் செல்ல வழி பிறந்தது. 1973-இல் கர்த்தார் சிங் குழு, மலேரியா, அம்மை, குடும்ப நலம் எனத் தனித்தனியே இயங்கிய பணியாளர்களை ஒருங்கிணைத்துப் பல்நோக்குப் பணியாளர்களாக்கப் பரிந்துரைத்தது. ஏ.என்.எம். அப்போதுதான் ‘பெண் சுகாதாரப் பணியாளர்’ என்ற பெயரையும் பெற்றார்.

பெயர் மாறியதே தவிர, அவருடைய வேலையை அளக்கும் கோல் பல ஆண்டுகள் மாறவில்லை. கருத்தடை அறுவைக்கு எத்தனை பேரை அழைத்து வந்தார் என்பதே அவருடைய திறமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இலக்கு எட்டப்படாத மாதங்களில் விளக்கம் கேட்கும் ஓலைகள் வந்தன. ஒரு குழந்தையின் எடை மூன்று மாதங்களாக ஏறாமலிருந்ததற்கு விளக்கம் கேட்டவர் அரிது. கருத்தடை முறை வாரியாக மேலிருந்து இலக்கு விதிக்கும் முறை 1996 ஏப்ரலில் நாடெங்கும் கைவிடப்பட்டது. குழந்தை நலப் பணிக்குப் போதிய நேரம் ஏன் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது என்பதை அறிய விரும்பும் மாணவர்கள் இந்த இருபதாண்டு வரலாற்றைத் தவிர்க்க முடியாது.

முதல் நாற்பத்திரண்டு நாட்கள்

2020-இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 28 சிசுக்கள் இறந்தன என்றோம். அவற்றுள் 20 இறப்புகள் பிறந்து 28 நாட்களுக்குள் நேர்ந்தவை. பத்தில் ஏழு பங்கு இழப்பு முதல் மாதத்திலேயே ஏற்படுகிறது எனும்போது, செவிலியரின் கவனம் எங்கே குவிய வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பச்சிளங்குழந்தையை வீட்டிலேயே காக்க முடியுமா என்ற ஐயத்திற்கு விடை தந்தது மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டமாகும். மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோர் அங்கு 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, குழந்தையின் எடை, வெப்பநிலை, மூச்சு, பால் குடிக்கும் திறன் ஆகியவற்றை வீட்டிலேயே கண்காணிக்கச் செய்தனர். கிருமித் தொற்றைக் கண்டறிந்து மருந்தளிக்கவும் அவர்கள் கற்றனர். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் வெளியான ஆய்வுரை தெரிவித்தது. அந்த அனுபவத்தின் அடிப்படையில் 2011 முதல் ஆஷா பணியாளர்கள் வீடுகளுக்குச் செல்லும் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் அவர்கள் காண வேண்டும். வீட்டில் பிறந்த குழந்தையாயின் முதல் நாளும் சேர்ந்து ஏழு முறை.

இங்கே செவிலியரின் வேலை எது? எல்லா வீடுகளுக்கும் அவரே செல்வது இயலாத காரியம். ஆஷா கொண்டுவரும் படிவங்களில், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்தவை, குறைமாதத்தில் பிறந்தவை, பால் சரியாகக் குடிக்காதவை ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, அந்தச் சில வீடுகளுக்கேனும் தாமே செல்வது இயலும். குழந்தையின் வயிறு கதகதப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது என்று தாயின் கையையே வைத்துக் காட்டுவது, தாயின் மார்போடு தோல் தொட அணைத்து வைக்கக் கற்றுக்கொடுப்பது, தொப்புளில் சாணமோ எண்ணெயோ பூசாதிருக்கச் செய்வது ஆகியவை எந்தக் கருவியும் வேண்டாத பணிகள்.

தாய்ப்பால் குறித்து ஒரு முரண் கவனிக்கத்தக்கது. ஐந்தாவது ஆய்வின்படி 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதத்தினரே. மருத்துவமனைக்கு வந்து பிள்ளை பெறும் பழக்கம் பரவியும், சீம்பால் புகட்டும் வழக்கம் அதனுடன் சேர்ந்து பரவவில்லை. வட மாநிலங்களில் ‘குட்டி’ எனப்படும் இனிப்புக் கலவையும், தமிழ்நாட்டில் சேனையும் பிறந்த குழந்தையின் நாவில் முதலில் வைக்கப்படுவது பழைய வழக்கம். குடும்பத்து மூத்தவர் ஆசியுடன் செய்யும் சடங்கு அது. அதைப் பழித்துப் பேசும் செவிலியரைவிட, கர்ப்ப காலத்திலேயே மாமியாரை அழைத்து உட்காரவைத்துப் பேசிய செவிலியரே வெற்றி கண்டிருக்கிறார். பிரசவ அறையில் பேசத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

எடைத் தராசும் வளர்ச்சிக் கோடும்

வளர்ச்சி அட்டை என்பது நைஜீரியாவின் இலேஷா நகரில் பணியாற்றிய டேவிட் மார்லி என்ற மருத்துவரின் முயற்சியால் உலகெங்கும் பரவிய எளிய சாதனம். நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வாயிலாக அது அங்கன்வாடிகளை அடைந்தது. இன்று பயன்படும் அட்டை, உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட தர அளவுகளைக் கொண்டது. ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து அவை வகுக்கப்பட்டன. அவ்வாறு அளக்கப்பட்டோரில் டில்லிக் குழந்தைகளும் உண்டு. ‘நம் குழந்தைகள் பிறப்பிலேயே சிறுத்தவர்கள், மேல்நாட்டு அளவு நமக்குப் பொருந்தாது’ என்ற வாதத்தை அந்த ஆய்வு பெருமளவு வலுவிழக்கச் செய்தது. நல்ல உணவும் நோயற்ற சூழலும் கிடைத்த டில்லிக் குழந்தைகள் ஏனைய நாட்டுக் குழந்தைகளைப் போன்றே வளர்ந்திருந்தனர்.

அட்டையைப் படிப்பதில் நிகழும் பிழை ஒன்று உண்டு. ஒரு பெண் குழந்தை ஆறாம் மாதத்தில் 7 கிலோ, ஏழாம் மாதத்தில் 7 கிலோ, எட்டாம் மாதத்தில் 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று புள்ளிகளும் பச்சைப் பட்டைக்குள்ளேயே விழும். பதிவேட்டில் ‘இயல்பு நிலை’ என்று எழுதப்படும். குழந்தை அடுத்த மாதம் வரை மறக்கப்படும். ஆனால் வளர்கிற வயதில் எடை இரண்டு மாதங்களாக நின்றுவிட்டது என்பதே அபாயத்தின் முதல் அறிகுறி. புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதைக் காட்டிலும், கோடு எத்திசையில் செல்கிறது என்பதே முக்கியமானது. மஞ்சளுக்கோ சிவப்புக்கோ இறங்கும்வரை காத்திருந்து நடவடிக்கை எடுப்பது, வீடு எரிந்தபின் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும். எடை போடுவதை அங்கன்வாடிப் பணியாளர் செய்கிறார். அதன் பொருளைத் தாய்க்கு விளக்கும் பொறுப்பைச் செவிலியர் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு நிமிட உரையாடல் இல்லையேல் எடை போட்டதே வீண்.

எடை ஏன் ஆறாம் மாதத்தில் நிற்கிறது? பெரும்பாலும் இணை உணவே காரணம். ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலுடன் திட உணவு தேவை. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் 11.3 சதவீதத்தினர் மட்டுமே என்கிறது அதே ஆய்வு. வறுமை இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வசதியுள்ள வீடுகளிலும் குழந்தைக்குக் கிடைப்பது தெளிந்த பருப்புத் தண்ணீரும் நீர்த்த கஞ்சியுமாக இருப்பதைக் காணலாம். குழந்தையின் வயிறு சிறிது. நீர்த்த உணவு அதை நிரப்புமேயன்றி வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பக்குவம், ஒரு சிறு கரண்டி எண்ணெய் அல்லது நெய், மசித்த பருப்பு, கீரை, கிடைத்தால் முட்டை என்று குடும்பம் சமைத்த உணவிலிருந்தே எடுத்துக் காட்டலாம். நோயுற்ற நாட்களில் உணவை நிறுத்தாமல், நோய் நீங்கியபின் ஒரு வேளை கூடுதலாக ஊட்டவேண்டும் என்பதையும் வலியுறுத்துவது அவசியம்.

மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் குழந்தை கடும் ஊட்டக் குறைவுக்கு ஆளாகியுள்ளது என்று கொள்ளப்படும். பசியின்மையோ வேறு நோயோ சேர்ந்திருந்தால் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு உடனே அனுப்புதல் வேண்டும்.

இரத்தசோகை மற்றொரு பெரும் குறை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் 67.1 சதவீதத்தினர் இதற்கு ஆளானவர்கள். வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் இரும்புச்சத்துத் திரவம் தர ஏற்பாடு உள்ளது. மலம் கறுப்பாகிறது என்று அஞ்சித் தாய்மார் நிறுத்திவிடுவதுண்டு. முதல் புட்டியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

பேதியும் சளிக்காய்ச்சலும்

1971-இல் மேற்கு வங்காள எல்லையிலுள்ள பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழி ஏற்றும் நீர் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகலாநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை எட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கலவையைப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்களே. அரை நூற்றாண்டு கழிந்தும் பேதி கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கே இக்கரைசல் கிடைக்கிறது. பொட்டலத்தை வீட்டுப் பரணில் வைத்துவிட்டு ஊசி போடுபவரைத் தேடிச் செல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பொட்டலம் தந்தால் மட்டும் போதாது. ஒரு லிட்டர் என்பது வீட்டுப் பாத்திரத்தில் எவ்வளவு என்பதை அளந்து காட்டி, தாயையே ஒருமுறை கலக்கச் செய்யவேண்டும். உடன் 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையும் உண்டு.

நிமோனியாவைக் கண்டறிய மருத்துவரின் குழல் இன்றியமையாததன்று. கடிகாரமும் பொறுமையும் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது மார்பின் அசைவை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60-ம், 2 முதல் 12 மாதம் வரை 50-ம், 1 முதல் 5 வயது வரை 40-ம், அவற்றுக்கு மேலும் இருந்தால் வேக மூச்சு எனப்படும். மூச்சிழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உட்குழிந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பஞ்சாப் மாநிலத்தின் நாரங்வால் கிராமப் பகுதியில் 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் கார்ல் டெய்லர் குழுவினர் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற துணைச் செவிலியரே நிமோனியாவுக்குப் பென்சிலின் கொடுத்தும், ஊட்டக் குறைவைக் கவனித்தும் குழந்தை இறப்பைக் குறைத்துக் காட்டினர். செவிலியரிடம் மருந்தை ஒப்படைக்கலாமா என்று தயங்கும் அதிகாரிகளுக்கு அந்த முன்னுதாரணம் இருக்கிறது.

தடுப்பூசி நாள்

1978-இல் தொடங்கி 1985-இல் அனைவர்க்குமான திட்டமாக விரிந்த தடுப்பூசிப் பணியைப் பற்றி வாசகர்கள் ஏற்கெனவே அறிவர். 2011 ஜனவரிக்குப் பின் நாட்டில் இயல்பான வைரஸால் இளம்பிள்ளைவாதம் ஒருவருக்கும் காணவில்லை. 2014 மார்ச்சில் அதற்கான சான்று கிடைத்தது. 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றோர் 76.4 சதவீதத்தினர். எஞ்சிய நான்கில் ஒரு பங்கினரில், ஓரிரு முறை வந்து பின் வராமல் போனவர்கள் கணிசமானோர். முதல் ஊசிக்குப் பின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, தாய் அஞ்சிவிட்டாள் என்பது அடிக்கடி கேட்கும் காரணம். ஆகவேதான் ஒவ்வொரு ஊசிக்கும் நான்கு செய்திகளைச் சொல்ல விதிக்கப்பட்டுள்ளது: எந்த ஊசி, எந்நோயைத் தடுக்கும், பின்விளைவு என்ன, வந்தால் என்ன செய்வது, அடுத்து வரவேண்டிய நாள், அட்டையைப் பத்திரமாக வைத்திருத்தல். கூட்டம் மிகுந்த நாளில் இந்நான்கில் இரண்டாவதே முதலில் விடுபடுகிறது. விடுபடக் கூடாததும் அதுவே.

பேச்சும் நடையும் அறிவும்

உடல் வளர்ச்சிக்கு அளவுகோல் பல உண்டு. உள்ள வளர்ச்சிக்கு? திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவினரும் உருவாக்கிய வளர்ச்சிச் சோதனை அட்டை இத்துறையில் நம் நாட்டுச் சாதனை. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான 17 செயல்கள் அதில் கோடுகளாக வரையப்பட்டுள்ளன. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பேனாவைச் செங்குத்தாக வைக்க வேண்டும். அதற்கு இடப்புறம் முழுமையாக அமைந்த செயல்களில் எதையேனும் குழந்தை செய்யாவிடில் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து, சில நிமிடங்கள், தேவை இவ்வளவே. தாய்-சேய் பாதுகாப்பு அட்டையிலும் வளர்ச்சிப் படிகள் படங்களுடன் அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் ஊசிப் பக்கம் கிழியும் அளவுக்குப் புரட்டப்பட்டிருக்க, அப்பக்கம் மடிப்புக் கலையாமல் இருப்பதே வழக்கம்.

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தல், நான்கு மாதத்துக்குள் தலை நிற்றல், எட்டு மாதத்துக்குள் தானே உட்காருதல், ஓசை வந்த பக்கம் திரும்புதல் ஆகியவற்றைத் தாயிடம் கேட்டறிவது எளிது. காது கேளாமையே அதிகம் தவறவிடப்படும் குறை. ‘இவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்’ என்ற ஆறுதல் மொழி எல்லா மாநிலங்களிலும், எல்லா மொழிகளிலும் உண்டு. மூன்று வயதுவரை காத்திருந்த பின் கருவி பொருத்தினாலும், மொழியைக் கற்கும் பருவத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டம், பிறவிக் குறைகள், சத்துக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பரிசோதிக்க நடமாடும் குழுக்களையும், மாவட்ட அளவில் தொடக்க நிலைச் சிகிச்சை மையங்களையும் ஏற்படுத்தியுள்ளது. குழு அங்கன்வாடிக்கு வருவதோ ஆண்டில் ஓரிரு முறை. இடைப்பட்ட மாதங்களில் ஐயத்துக்குரிய குழந்தையை அடையாளம் காணக்கூடியவர் ஊரிலேயே உள்ள செவிலியரும் ஆஷாவும்தான்.

குழந்தையோடு பேசுவதும் விளையாடுவதும் சிகிச்சைக்கு இணையானவை என்பதைத் தாய்மார் எளிதில் நம்புவதில்லை. செலவில்லாத மருந்துக்கு மதிப்புக் குறைவுதானே. கிண்ணமும் கரண்டியும், துணிப்பந்தும், தாலாட்டும் போதுமானவை. பிரசவத்துக்குப் பின் சோர்ந்து, எவரோடும் பேசாது, குழந்தையைக் கையிலெடுக்கவும் விருப்பமற்றிருக்கும் தாயைக் கண்டால், அதைப் ‘பேய் பிடித்தது’ என்று குடும்பத்தார் கொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்வதும் குழந்தை வளர்ச்சிப் பணியில் அடங்கும்.

நேரம், பதிவேடு, மேற்பார்வை

இத்தனையும் ஒருவரால் இயலுமா என்ற கேள்வி நியாயமானது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் இரண்டாவது ஏ.என்.எம். பணியிடத்துக்கு வழிசெய்யப்பட்டது. 2018 முதல் துணை நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக மாற்றப்பட்டு, சமுதாயச் சுகாதார அலுவலர் ஒருவரும் அமர்த்தப்படுகிறார். அவர்களில் செவிலியர் படிப்பு முடித்தோர் பலர். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போன்ற வயது வந்தோர் நோய்களும் இம்மையங்களின் பொறுப்பில் சேர்ந்துள்ளன. யார் எந்த நாளில் எந்தக் கிராமத்துக்குச் செல்வது என்பதை மருத்துவ அலுவலர் வகுத்துத் தராவிட்டால், மூவரும் நிலையத்திலேயே அமர்ந்து படிவம் நிரப்பும் நிலைதான் ஏற்படும். ஒரே குழந்தையின் விவரத்தைக் காகிதப் பதிவேட்டிலும் கணினியிலும் எழுதச் செய்வது அவர்களுடைய நேரத்தைத் திருடுவதன்றி வேறில்லை.

மேற்பார்வைக்குச் செல்லும் அதிகாரி பதிவேட்டைப் புரட்டுவதோடு நில்லாமல், அதில் காணும் மூன்று பெயர்களைத் தேர்ந்து அவ்வீடுகளுக்குச் சென்று பார்த்தால், அரை மணி நேரத்தில் உண்மை நிலை விளங்கிவிடும். அட்டை தாயிடம் உள்ளதா, அதில் கோடு வரையப்பட்டுள்ளதா, அடுத்த ஊசி நாள் தாய்க்குத் தெரியுமா என்ற மூன்று கேள்விகள் போதும்.

நான்காவதாக ஒன்றையும் கேட்கலாம்: பட்டியலில் இல்லாத குழந்தைகள் யார்? செங்கல் சூளையிலும், கட்டட வேலையிடத்திலும், கரும்பு வெட்டும் வயலருகிலும் தங்கியிருக்கும் குடும்பங்கள் எந்தத் துணை நிலையத்தின் கணக்கிலும் எளிதில் அடங்குவதில்லை. 2014 டிசம்பரில் தொடங்கிய இந்திரதனுஷ் இயக்கம் இத்தகைய இடங்களைக் குறிவைத்தே வகுக்கப்பட்டது. இக்குழந்தைகளைப் பதிவு செய்ய நிரந்தர முகவரி கேட்க வேண்டிய தேவையில்லை. தாயின் துணி மூட்டைக்குள் அட்டை இருக்குமானால், ஒடிசாவில் தொடங்கிய தடுப்பூசியை ஆந்திரத்துச் செவிலியர் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இடையில் எத்தனை மாதங்கள் தவறியிருந்தாலும் முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை.